பட்டனின் இரண்டு காதுகள்

எங்கள் வீட்டில் ஒரு நாயின் காதுகளுக்கு நான் பொறுப்பாளராக இருந்தேன். நாய்க்கு அல்ல, காதுகளுக்கு மட்டும். அப்போது நான் பத்து வயதுச் சிறுமி. தெலுங்கு பேசும் ஊரான ராமச்சந்திராபுரத்தில் அப்பாவின் தொழிற்சாலைக் குடியிருப்பில் இருந்தோம்.

நாய் மாமாவுடையது. அம்மாவின் தம்பி, பக்கத்தில் மாதாப்பூரில் ஐ.டி. வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாகக் காரில் வந்து அதை இறக்கிவிட்டார். கம்பெனி ஆறு மாதத்துக்குக் கனடா அனுப்புகிறது, அதுவரை அத்தை கோயம்புத்தூரில் தன் அம்மா வீட்டில் இருப்பாள், அங்கே நாய் வைத்துக்கொள்ள வசதியில்லை என்றார். அம்மா வேறு என்னவோ கேட்கப்போனாள். அதற்குள் அவர் என்னைக் குளியலறைக்குக் கூப்பிட்டுவிட்டார்.

நாயின் பெயர் பட்டன், முழங்கால் உயரம்கூட இல்லை. உடம்பெல்லாம் முடி, கன்னத்தை மூடித் தொங்கும் காதுகள். சோறு வைப்பது, வெளியே கூட்டிப்போவது எல்லாம் யார் வேண்டுமானாலும் செய்யலாம், காது மட்டும் ஒரே ஆளின் பொறுப்பாக இருக்கவேண்டும் என்று மாமா சொன்னார். தொங்குகிற காதுக்குள் காற்றுப் போகாது, ஈரம் தங்கினால் புண்ணாகிவிடும். அதனால் குளிப்பாட்டும் முன் பஞ்சை உருட்டிக் காதின் வாயில் வைக்கவேண்டும், ஆழமாகத் திணிக்கக்கூடாது. தலையில் தண்ணீர் ஊற்றாமல் ஈரத்துணியால் துடைக்கவேண்டும். குளித்து முடித்ததும் பஞ்சை எடுத்துவிட்டு மடலைத் தூக்கி உட்புறம் உலர்த்தவேண்டும். வாரம் ஒருமுறை டாக்டர் கொடுத்த மருந்துநீரை விட்டு, காதின் அடியைப் பிசைந்து, அது தலையை உதறியபின் விரல் எட்டும் இடம் வரை துடைக்கவேண்டும். அம்மா உதவியாகக் கொண்டுவந்து நீட்டிய, காது குடையும் பட்ஸை அவர் தொடவே விடவில்லை.

என்னை ஒருமுறை செய்யச் சொல்லிப் பார்த்தார். அண்ணனையும் செய்யச் சொன்னார். பட்டன் அண்ணனிடமிருந்து நழுவி ஓடி வந்து என் மடியில் தலையை வைத்தது. பதவி எனக்குக் கிடைத்தது. அண்ணன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஞாயிறுதோறும் அம்மாவின் போனில் மாமா கூப்பிடுவார். வீடியோவில் வரமாட்டார், குரல் மட்டும்தான். நான் நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, இடது காது சுத்தம், வலது காதில் கொஞ்சம் அழுக்கு, வாடை இல்லை என்று வாசிப்பேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்பார். புதன்கிழமைகளில் கோயம்புத்தூரிலிருந்து அத்தை கூப்பிடுவாள். அவளுக்கும் அதையே வாசிப்பேன். ஒரே வேலையை இரண்டு அதிகாரிகள் தனித்தனியாகச் சரிபார்க்கிறார்கள் என்று வகுப்பில் பீற்றிக்கொண்டேன்.

நான்காவது மாதம் அது நடந்தது. சேற்றில் புரண்டு வந்த பட்டனை, நான் பள்ளியிலிருந்து வருமுன் அண்ணன் ரப்பர் குழாயால் தலையோடு குளிப்பாட்டிவிட்டான். பஞ்சும் வைக்கவில்லை. நான் வந்து உலர்த்திப் பார்த்தேன். மூன்றாம் நாள் பட்டன் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தே நடந்தது. மடலைத் தூக்கினால் உள்ளே சிவந்திருந்தது, புளித்த மாவு போல வாடை. அம்மா, நாய் என்றால் சொறியத்தான் செய்யும் என்றாள். அண்ணனுக்கு மறுநாள் பரீட்சை. நான் சாப்பிட மாட்டேன் என்று கதவருகே உட்கார்ந்துகொண்டேன். அப்பா வேலையிலிருந்து வந்தவர் என்னைப் பார்த்தார், நாயைப் பார்த்தார், ஷூவைக்கூடக் கழற்றாமல் ஆட்டோ பிடிக்கப் போனார்.

லிங்கம்பள்ளி கால்நடை டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் செவிப்பறைக்கே போயிருக்கும் என்றார். யார் கண்டுபிடித்தது என்று தெலுங்கில் கேட்டார். “நேனே” என்றேன். நான்தான். முதல் சொட்டு மருந்தை என் கையாலேயே விடச் சொன்னார். பெரிய பெரிய நாய்களோடு காத்திருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். வீடு திரும்பும் வரை ஆட்டோவில் முதுகை நிமிர்த்தியே உட்கார்ந்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நெருங்க நெருங்க அந்த நிமிர்வு போய்விட்டது. மாமாவிடம் சொல்லாதே என்று அண்ணன் கெஞ்சினான். அம்மாவும், “தூரத்துல தனியா கெடக்கான், இதை வேற சொல்லி அவனை நோகடிக்காத” என்றாள். உண்மையைச் சொன்னால் பட்டனை வேறு வீட்டுக்கு மாற்றிவிடுவாரோ என்று எனக்குப் பயம். ஆனால் நோட்டில் எழுதியாகிவிட்டது. அப்படியே வாசித்தேன். குழாய், சிவப்பு, வாடை, டாக்டர், சொட்டு மருந்து. அண்ணன் பெயரைச் சொல்லவில்லை.

“காது இப்ப எப்படி இருக்கு?” என்று கேட்டார்; சிவப்பு குறைந்திருக்கிறது என்றேன்.

“போனை பட்டன் காதுல வை” என்றார் மாமா.

“எந்தக் காதுல மாமா?”

“நோவாத காதுல.”

வைத்தேன். என்ன பேசினார் என்று எனக்குக் கேட்கவில்லை. பட்டனின் காது அடியோடு எழும்பியது. வால் தரையை அடித்தது. பிறகு போனின் பின்பக்கம் போய் மோந்து பார்த்தது. நான் போனை எடுத்து, “கேட்டுச்சு மாமா, நல்லாவே கேட்டுச்சு” என்றேன். அவர், “என்னைவிட நீ நல்லா பாத்துக்கிடுத” என்றார். செவி சோதனையில் பட்டன் தேறிவிட்டது என்று நோட்டில் எழுதிக்கொண்டேன்.

மாமாவும் அத்தையும் பட்டன் எங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்பே பிரிந்திருந்தார்கள். அது எனக்குத் தெரியவந்தபோது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். பட்டன் தன் கடைசிக் காலம் வரை எங்களோடுதான் இருந்தது.

மாமாவிடம் வாசித்த அந்த வாரம் புதன்கிழமை அத்தை கூப்பிட்டாள். அவளுக்கும் முழுவதையும் வாசித்தேன். கேட்டுவிட்டு, “இதை மாமாகிட்ட சொன்னியா கண்ணு?” என்றாள்.

“சொன்னேன் அத்தை.”

“என்ன கேட்டாரு?”

“காது இப்ப எப்படி இருக்குன்னு கேட்டாரு.”

“வேற ஒண்ணும் கேக்கலையா?”

நான் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். எதுவும் விட்டுப்போயிருக்கக்கூடாதே.

“இல்ல அத்தை, வேற எதுவுமே கேக்கல” என்றேன், ஒரு குறையும் இல்லாமல் வேலை பார்த்தவளின் பெருமையோடு.