வெள்ளிக்கிழமை மிஸ்ஸிங்

அப்பாவின் பழைய வேன் தினமும் ஸ்ரீரங்கத்தில் எட்டுப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, காவிரிப் பாலம் தாண்டி டவுனில் உள்ள பள்ளியில் இறக்கிவிடும். போன வருஷம் அது சில நாள் பாலத்தில் ஏறும்போது திக்க ஆரம்பித்தது; மெக்கானிக் பாஷையில் 'மிஸ்ஸிங்'. மூன்று சிலிண்டரில் ஒன்று விட்டுவிட்டு வேலை செய்தது. இரண்டு முறை நடுப்பாலத்தில் நின்றேவிட்டது.

ஒரு பிள்ளையின் அம்மா போன் செய்தார். "தப்பா எடுத்துக்காதீங்க. இன்னொரு தடவை நின்னா நாங்க எல்லாரும் வேற வேன் பாத்துக்கறோம்." அப்பா "சரிங்க" என்று மட்டும் சொன்னார். அவருக்கு வேறு தொழில் தெரியாது.

மன்னார்புரத்து மெக்கானிக் பிளக்கை மாற்றினார், பெட்ரோல் ஃபில்டரை மாற்றினார், கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார். அவர் பார்க்கும் மத்தியான நேரத்தில் வண்டி சமர்த்தாக ஓடும். "வண்டிக்கு ஒண்ணுமில்லண்ணே, உங்களுக்குத்தான் சந்தேக வியாதி" என்றார்.

நான் ஆட்டோமொபைல் டிப்ளமோ படித்தவள். ஒரு நோட்டு எடுத்துக் கட்டம் போட்டேன்: கிழமை, நேரம், இடம், மழை, எத்தனை பிள்ளைகள்.

"ராகு காலத்தையும் எழுதிக்கோ" என்றார் அப்பா.

எழுதினேன். ராகு காலத்தில் ஒருமுறைகூடத் திக்கவில்லை. ஐந்து வாரத்தில் மோசமாகத் திக்கியதெல்லாம் வெள்ளிக்கிழமை காலையில்தான். நிற்காமல் போனது எங்கள் அதிர்ஷ்டம்.

"வெள்ளிக்கிழமை காலைல என்னப்பா பண்றீங்க?"

"உள்ள ரெண்டு வாளி தண்ணி ஊத்திக் கழுவி, பொட்டு வச்சு, சூடம் காட்டிட்டு எடுப்பேன். ஏன்?"

அந்த வேனில் எஞ்சின் டிரைவர் சீட்டுக்கு அடியில் இருக்கிறது.

அன்று வெளிச்சம் மங்கியதும் வாசலில் வண்டியை ஸ்டார்ட் செய்து, சீட்டைத் தூக்கி, இஸ்திரிக்கு வைத்திருக்கும் ஸ்பிரே பாட்டிலால் பிளக் வயர்களில் தண்ணீர் அடித்தேன். நடு வயரிலிருந்து நீலமாக ஒரு பொறி எஞ்சின் இரும்புக்குத் தாவியது. வண்டி உடனே திக்கியது. வயரில் மயிரிழை வெடிப்பு. காய்ந்திருந்தால் தெரியாது, நனைந்தால் மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் வெளியே ஓடிவிடும்.

மெக்கானிக்கிடம் சொன்னேன். "அட, கழுவுறத நிறுத்தச் சொல்லு தங்கச்சி, முடிஞ்சுது" என்றார்.

எனக்கு அதில் சம்மதமில்லை. அப்பா கழுவத்தான் செய்வார். வண்டிதான் அதைத் தாங்க வேண்டும். மூன்று வயரையும் மாற்றினேன். சீட்டுக்கு அடியில் எஞ்சின் மூடியைச் சுற்றியிருந்த ரப்பர் நைந்து தண்ணீரை உள்ளே விட்டிருந்தது. அதையும் என் கையாலேயே மாற்றினேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அப்பா வேண்டுமென்றே நாலு வாளி ஊற்றினார். நான் முன்சீட்டில் ஏறிக்கொண்டேன். பாலத்தின் ஏற்றம் முழுக்க எஞ்சின் ஒரே சீராக இழுத்தது.

பிள்ளைகளை இறக்கிவிட்டு அந்த அம்மாவுக்கு அப்பா போன் செய்தார், ஸ்பீக்கரில்.

"நல்லதா போச்சு. அப்ப நீங்களே ஓட்டுங்க. எங்க காட்டினீங்க?"

"எங்கயும் காட்டலைங்க. வீட்லயே இன்ஜினியர் இருக்காங்க."

நான் டிப்ளமோதான். திருத்தவில்லை.