செங்கல் நிறக் கறை

முதலில் தார் போலக் கறுப்பாக வந்தபோதே பயந்துவிட்டேன். அது காட்டுப்பீ, எல்லாக் குழந்தைக்கும் அப்படித்தான் போகும் என்றாள் அம்மா. பிறகு பச்சையானது. அடுத்து மஞ்சளாகும் என்று நான் படித்த புத்தகத்தில் போட்டிருந்தது. சிவப்பைப் பற்றிப் படித்த நினைவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து மந்தைவெளியில் அம்மா வீட்டுக்கு வந்த மறுநாள், மகளின் இடுப்புத் துணியை அவிழ்த்தேன். ஈரத்தின் நடுவில் செங்கல்பொடியைக் கரைத்துவிட்ட மாதிரி ஒரு கறை. அப்பாவின் பழைய வேட்டியில் கிழித்த துணி. கரைச்சாயம் இறங்கியிருக்குமோ என்று பார்த்தால், கரையை அம்மா முன்பே கிழித்து எடுத்திருந்தாள். அடுத்த துணியிலும் அதே கறை. ரத்தம் என்று நினைத்து அம்மாவைக் கூப்பிட்டேன்.

சூடு என்றாள் அம்மா. அக்கினி நட்சத்திரம், இருக்கலாம்தான். ஆனால் உள்ளே புண்ணாக இருந்தால்? சிறுநீரகத்தில் ஏதாவதென்றால்? தூக்கும்போது நான்தான் அழுத்திவிட்டேனோ? குழந்தை அழாமல் தூங்கிக்கொண்டே இருந்தது. அழுதால் தேவலை என்றிருந்தது. முதல் துணியை அம்மா அலசிவிட்டாள். இரண்டாவதை பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு ஆட்டோவில் லஸ்ஸில் இருக்கும் குழந்தை டாக்டரிடம் போனோம்.

டாக்டரம்மா துணியை ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தார். குழந்தையின் உச்சியைத் தொட்டார், வாய்க்குள் விரல் விட்டுப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீ எவ்வளவு தண்ணி குடிக்கிற?"

நான் அம்மாவைப் பார்த்தேன். பத்தியச் சாப்பாட்டோடு அரை டம்ளர் வெந்நீர். அதற்கு மேல் குடித்தால் வயிறு தொங்கிவிடும், குழந்தைக்குச் சளி பிடிக்கும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டபோதும் நான் கேட்கவில்லை.

"இது ரத்தம் இல்லம்மா. பால் பத்தல, மூத்திரம் கெட்டியாப் போகுது. தாகம் எடுத்தா குடி. தூங்கினாலும் எழுப்பிப் பால் குடு. நாளைக்கும் இப்படிப் போனா உடனே தூக்கிட்டு வா."

"நான் மூணு பெத்தேன் டாக்டர். அரை டம்ளர்தான்" என்றாள் அம்மா.

"மூணும் கத்திரி வெயில்லயா?"

அம்மா யோசித்தாள். நான் மார்கழியில் பிறந்தவள். தம்பிகள் இருவரும் ஐப்பசி.

வீட்டுக்கு வந்ததும் என் தலைமாட்டில் ஒரு சொம்பு தண்ணீரை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். குடித்தேன். குழந்தையின் உள்ளங்காலைச் சுண்டிச் சுண்டி எழுப்பிப் பால் கொடுத்தேன். நாளைக்கும் இப்படிப் போனால் என்ற வார்த்தை மட்டும் காதைவிட்டுப் போகவில்லை. ஒவ்வொரு துணியையும் வெளிச்சத்தில் பிடித்தேன். கறை வெளுத்தது, ஆனால் போகவில்லை.

மறுநாள் காலை அவிழ்த்த துணி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. நிறமே இல்லை. நம்பாமல் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா வந்து அதை என் கையிலிருந்து வாங்கினாள். ஜன்னலில் பிடித்துத் தானும் ஒருமுறை பார்த்தபிறகே வாளியில் போட்டாள்.