தாட்சாயினி சொன்ன சீனக் குடும்பம்

நூலின் ஒரு நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டே தாட்சாயினி கதை சொல்கிறாள். "மாமியார்க்காரி கோப்பையைத் தூக்கினவ..." என்று பல்லிடுக்கால் வருகிற சொற்களில் பாதி காற்றாகப் போய்விடும். ஆனாலும் பாரிஸில், லா ஷப்பலில் அந்த அழகு நிலையத்துக்கு வருகிற பெண்கள் ஒரு சொல்லைத் தவறவிடுவதில்லை. கதை இக்கட்டான இடத்துக்கு வந்தால் நூலை வாயிலிருந்து எடுத்துவிடுவாள். நாற்காலியில் இருப்பவர் ஒரு புருவம் திருத்தியும் மறு புருவம் திருத்தாமலும் கிடக்க, மெய்லானுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

மெய்லான், 'ஐந்து முற்றத்து வீடு' என்கிற சீனத் தொலைக்காட்சித் தொடரின் கதாநாயகி. பரம்பரையாக வினாகிரி என்கிற புளிக்காடி காய்ச்சி விற்கும் ஒரு பெருங்குடும்பத்தின் கதை அது. பத்துப் பன்னிரண்டு வருடமாக ஓடுகிறது. பேச்சு சீனத்தில், கீழே ஓடும் எழுத்து பிரெஞ்சில். புறநகரான ஸ்தேனிலிருந்து வேலைக்கு வரும் வழியில், பஸ்ஸிலும் மெத்ரோவிலும் கைபேசியில் பார்த்து முடித்துவிட்டுத்தான் தாட்சாயினி கடைக்குள் கால் வைப்பாள். மற்றப் பெண்களுக்கு அந்த எழுத்தைத் துரத்திப் பிடிக்க முடியவில்லை. தமிழ்த் தொடர்கள் வீட்டிலேயே கொட்டிக் கிடக்க, சீனத்து மாமியாரைக் கேட்பதற்கென்று நேரம் குறித்து ரொந்தேவு எடுத்து வருகிறார்கள். புருவத்தில் மயிர் முளைக்கவே நேரம் கொடுக்காமல் வருகிறவர்களும் உண்டு.

கதை கடையோடு நிற்கவில்லை. மெய்லானின் கழுத்தை ஒட்டி நிமிர்ந்து நிற்கிற சட்டையைப் பார்த்து, அதே கழுத்து வைத்த சேலைச் சட்டைகள் பொபினி கலியாண மண்டபம் வரை போய்விட்டன. சாப்பாட்டுக்குப் பிறகு சோடா குடித்துக்கொண்டிருந்த குடும்பங்கள் இப்போது சுடுதண்ணீர் குடிக்கின்றன. மரக்கறிக் கடையில் கத்தரிக்காய் நிறுக்கிற ஆள், "அந்தச் சின்ன மருமகள் வீட்டை விட்டுப் போட்டாளாமே, உண்மையோ அக்கா?" என்று கேட்கிறார். அவர் ஒரு காட்சியும் பார்த்ததில்லை. மனைவி சொன்னதாம்.

தாட்சாயினிக்கு வயது ஐம்பதை ஒட்டும். மெலிந்த உடம்பு, அதற்குப் பொருந்தாத கனத்த குரல். அவளுடைய கதையில் ஒரு கண்டிப்பு உண்டு. முறை தெரியாமல் ஒரு ஆளும் உள்ளே வர முடியாது. புதிதாக ஒருவன் முற்றத்தில் கால் வைத்தால், கேட்கிறவர்கள் முதலில் கேட்பது பெயரை அல்ல, "என்ன முறை?" என்பதைத்தான். பிரெஞ்சு எழுத்திலோ அப்பாவின் தம்பிக்கும் அம்மாவின் தம்பிக்கும் ஒரே சொல். "உவங்களுக்கு முறையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை" என்று சலித்துக்கொண்டு, நடக்கிறதைப் பார்த்துத் தானே முறை வைத்துக் கொடுப்பாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட.

அந்தத் தலைக்கனம்தான் அவளைக் கவிழ்த்தது. மெய்லான் வயதுக்கு வந்து பெரியபிள்ளையான பிறகு வீட்டில் ஒரு விருந்து. ஒரு மனிதர் தட்டுத் தட்டாகச் சீர் எடுத்துக்கொண்டு வந்தார். பெண்ணின் கழுத்தில் சங்கிலி போட்டார், அவளுக்குப் பக்கத்துக் கதிரையில் போய் உட்கார்ந்தார். பாரிஸ் மண்டபங்களில் எத்தனை சாமத்தியவீடு பார்த்தவள் தாட்சாயினி. "தாய்மாமன் இல்லாமல் வேறை ஆர் உப்பிடி வருவான்?" என்று ஒரே போடாகப் போட்டாள். அவர் தாய்மாமன் என்றால், அவருடைய மகன் ஜுன் மெய்லானுக்கு மச்சான். மச்சான் என்றால் போதாதா? அவன் மெய்லானுக்குக் குடை பிடித்தால் கடை சிரித்தது, அவளுக்காக அடி வாங்கினால் கடை அழுதது. இருவரும் எப்போது சேர்வார்கள் என்று வருடக்கணக்காக எல்லோரும் காத்துக் கிடந்தார்கள். தாட்சாயினியின் மிகப் பழைய வாடிக்கைக்காரி தில்லைநாயகி, அந்தக் கலியாணம் கூடவேண்டும் என்று வேண்டிக்கொண்டு பிள்ளையார் தேரன்று தெருவில் தேங்காயே உடைத்தார்.

குண்டைப் போட்டவள் அனு. தமிழ்நாட்டுப் பெண், ஆராய்ச்சி மாணவி. ஒரு சனிக்கிழமை, கடை நிறைந்திருந்த நேரத்தில், நாற்காலியில் சாய்ந்தபடி சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"அக்கா, சீர் கொண்டுவந்தாரே, அவர் மெய்லானோட அம்மாவுக்குத் தம்பி இல்ல. அப்பாவுக்குத் தம்பி. ஜுன் அவளுக்கு அண்ணன் முறைல்ல வரணும்? நான் இங்கிலீஷ் சப்டைட்டில்ல முதல்லேர்ந்து பார்த்தேன், அதுல 'அப்பாவோட தம்பி'ன்னே தெளிவா போடறாங்க."

தில்லைநாயகி கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "சகோதரத்துக்குக் கலியாணம் கேட்டுப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைச்சிருக்கிறன், தாட்சா" என்று மட்டும் சொன்னார். புருவம் திருத்தாமலே வெளியேறினார். தாட்சாயினிக்கு உடம்பு முழுக்கக் கூசியது. அன்று முழுவதும் வாயில் நூல் இருந்தது, கதை இல்லை.

வேறொருத்தியாக இருந்தால் தொடரைக் கைவிட்டு வெயிலையும் மழையையும் பற்றிப் பேசியிருப்பாள். தாட்சாயினி முதல் பாகத்திலிருந்து மறுபடி பார்க்கத் தொடங்கினாள். இந்தமுறை கண்ணைச் சீர்த்தட்டிலிருந்து எடுத்துவிட்டுப் பார்த்தாள். அந்த மனிதரும் மெய்லானின் அப்பாவும் ஒரே படத்துக்கு முன்னால் ஊதுபத்தி கொளுத்தினார்கள். ஒரே தகப்பன் என்று தலைநிமிர்த்திச் சொன்னார்கள். முன்பு அதையெல்லாம் எப்படிக் காணாமல் விட்டாள் என்று அவளுக்கே விளங்கவில்லை. பார்க்கப் பார்க்க வெட்கம் குறைந்து வேறு ஏதோ ஏறியது. மெய்லானை முதலில் கேட்டு வந்த மாப்பிள்ளையை ஜுன் ஏன் வாசலோடு திருப்பினான்? பொறாமையில் என்று சொல்லியிருந்தாள். இல்லை, அவன் கெட்டவன் என்று அண்ணனுக்குத் தெரியும். அவள் அழுத இரவில் கதவுக்கு வெளியே ஏன் விடியும்வரை குந்தியிருந்தான், ஏன் உள்ளே போகவில்லை? எல்லாம் இப்போதுதான் ஒழுங்காகப் பொருந்தியது. பழைய கதையைவிடப் பெரிய கதை கைக்குள் இருந்தது.

இரவு பகலாகப் பார்த்து முடித்த கையோடு அதை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். "நேற்று மச்சான், இண்டைக்கு அண்ணனோ?" என்று ஒருத்தி சிரித்தாள். "சிரியுங்கோ, ஆனா கேட்டுப்போட்டுச் சிரியுங்கோ" என்றாள் தாட்சாயினி. கேட்டார்கள். குடை வந்த இடத்தில் இந்தமுறை ஒருவரும் சிரிக்கவில்லை. அண்ணன் தங்கை இல்லாத வீடு எது? ஒருத்தி கடையில் இருந்தபடியே லண்டனிலிருக்கும் தமையனுக்குத் தொலைபேசி எடுத்துவிட்டாள். தில்லைநாயகி மட்டும் வரவில்லை. தெருவில் கண்டபோது, "கூடப்பிறக்காத அண்ணன் கடைசிமட்டும் அண்ணனா நிப்பானோ?" என்று கேட்டார். தாட்சாயினி கொஞ்சமும் யோசிக்கவில்லை. "கடைசிப் பாகத்திலை மெய்லானுக்குக் கலியாணம். அவன் அண்ணனா நிக்காட்டி நான் இனி உந்தக் கதை சொல்லமாட்டன், அக்கா." கலியாணம் என்பது முன்னோட்டத்தில் கண்டதுதான், கடைசிப் பாகத்தை அவளும் பார்த்திருக்கவில்லை.

அது வந்த ஞாயிற்றுக்கிழமை, கடை முதலாளி இராஜதுரை சுவரிலிருந்த பெரிய தொலைக்காட்சியில் அதைப் போட்டுவிட்டார். "உவ்வளவு சனம் என்ரை கடைத் திறப்புவிழாவுக்கும் வரேல்லை" என்றார். கதிரை போதாமல் பெண்கள் காலுறையோடு தரையில் இருந்தார்கள். கதவோரத்தில், மேலங்கியைக் கழற்றாமல், தில்லைநாயகி நின்றார். தாட்சாயினி ஒரு மூலையில் முக்காலியில் இருந்தாள். எல்லோரும் தாங்களே பார்க்கிறார்கள், இனித் தன் வாய்க்கு என்ன வேலை என்று வாயை மூடிக்கொண்டாள்.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். பெண்ணின் அறைக் கதவு திறந்தது. சிவப்பு உடுப்பில் மெய்லான் கட்டிலில் இருந்தாள். வீட்டிலிருந்து வாகனம் வரைக்கும் பெண்ணின் கால் நிலத்தில் படக்கூடாதாம். அண்ணன்தான் தூக்கிப் போகவேண்டுமாம். கூடப்பிறந்த அண்ணன் அவளுக்கு இல்லை. வீடே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஜுன் வந்தான். கட்டிலுக்கு முன்னால் முதுகைக் காட்டிக் குந்தினான். மெய்லான் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ஐந்து முற்றத்தையும் அவளைச் சுமந்தே கடந்தான். நடந்தபடி தலையைத் திருப்பி, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி ஏதோ சொன்னான். கீழே பிரெஞ்சு எழுத்து விறுவிறுவென்று ஓடி மறைந்தது.

கடை மூக்கை உறிஞ்சியது. தாட்சாயினிக்கு நெஞ்சு நிறைந்து கண் தெரியவில்லை. தான் வென்றுவிட்டது அவளுக்கு உறைக்கவே சற்று நேரம் பிடித்தது.

கதவோரத்திலிருந்து தில்லைநாயகியின் குரல் வந்தது. "தாட்சா, என்ன பேசாமல் இருக்கிறாய்? படம் தெரியுது, ஒண்டும் விளங்கேல்லை. அவன் தங்கச்சிக்கு என்ன சொன்னவன்? நீ சொல்லு, பிள்ளை."

தாட்சாயினி எழுந்தாள். தரையில் இருந்தவர்களின் கால்களுக்கு இடையில் மெல்ல அடி வைத்து முன்னால் போனாள். தொலைக்காட்சிக்கு முதுகைக் காட்டி, திரையை மறைத்துக்கொண்டு நின்று சொல்லத் தொடங்கினாள். விலகச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை.