கம்பி பிரஷ்ஷால் வெளுத்த சக்கரம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஒரு முட்டாள். வெறும் முட்டாள் என்றால்கூடப் பரவாயில்லை. கையில் கம்பி பிரஷ் வைத்திருக்கிற முட்டாள். மச்சினன் காரின் அலாய் வீலில் ஒட்டிய தாரை இரும்புத் துரு சுரண்டுகிற பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தவன் நான்தான். அதுவும் ஒரு மணி நேரம், பனியன் நனைய, பாட்டு முணுமுணுத்துக்கொண்டு.

ஆனால் என்னைத் திட்டிக்கொள்வதற்கு முன்னால் திட்ட வேண்டிய இன்னொருவன் இருக்கிறான். இன்னும் வயிறு எரிகிறது.

மச்சினன், அதாவது என் மனைவியின் தம்பி, வெள்ளானூரில் இருக்கிறான். கார் வாங்கி இரண்டு வருஷத்தில் யாரிடமும் சாவியைக் கொடுத்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து சக்கரம் துடைப்பான். "என்ன மாப்ள, சக்கரத்துக்குச் சீமந்தமா?" என்று கிண்டலடித்தவன் நான். அவன் வேலையாக வெளியூர் போயிருந்த வாரத்தில் திருவேற்காட்டில் எங்களுக்கு ஒரு கல்யாணம் வந்தது. மனைவி தம்பிக்கு போன் போட்டாள். அவன் இழுத்தான். "வண்டிக்கு நான் பொறுப்புடா" என்றாள். அந்த ஒரு சொல்லுக்குத்தான் சாவி வந்தது. என் முகத்துக்கு வரவில்லை.

அவளுக்கும் லைசென்ஸ் உண்டு. ஆவடியில் கற்றுக்கொண்டு முதல் தடவையிலேயே எட்டுப் போட்டு வாங்கினாள். எனக்கு அது மூன்றாவது தடவைதான் கிடைத்தது. இருந்தாலும் ஆம்பளை ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது என்று நானே ஓட்டினேன்.

கல்யாணச் சாப்பாடு முடிந்து திரும்பும்போது, குமணன்சாவடி வருவதற்கு முன்னால் ஒரு திருப்பத்தில் சாலை ஈரமாக மின்னியது. "நிறுத்துங்க, தார் மாதிரி இருக்கு" என்றாள் மனைவி. தண்ணீர் லாரி ஒழுகியிருக்கும் என்றேன். உச்சி வெயிலில் சொன்னேன் இதை. சக்கரத்துக்கடியில் அப்பளம் பொரிகிற மாதிரி சத்தம் கேட்டது. புதுத் தார்.

ஒரு போர்டு இல்லை. குறுக்கே ஒரு கயிறு, ஒரு டிரம், ஒரு செங்கல்கூட இல்லை. மழை வந்தால் பள்ளம், வெயில் வந்தால் புழுதி, குழாய்க்கு ஒரு தடவை, கேபிளுக்கு ஒரு தடவை தோண்டி, மூன்று வருஷமாக எங்கள் முதுகெலும்பை எண்ண வைத்த ரோடு அது. அதற்குத் தார் ஊற்ற இவர்களுக்குக் கல்யாண முகூர்த்த நாள்தான் கிடைத்தது. ஓரத்தில் குடை பிடித்து உட்கார்ந்திருந்த மேஸ்திரியிடம் இறங்கிப் போய்க் கத்தினேன். அவன் டீ கிளாஸைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"ரோடு போடலன்னாலும் கத்துறே, போட்டாலும் கத்துறே. இன்னாதான் வோணும் நைனா உனக்கு?"

பதிலுக்கு நான் ஏதோ சொல்ல வாயெடுக்க, பின்னால் நின்ற ஷேர் ஆட்டோக்காரர் வழியை விடச் சொல்லி என்னைத் திட்டினார். நியாயம் கேட்கப் போனவன் ஏச்சு வாங்கிக்கொண்டு, செருப்பில் தாரோடு வந்து வண்டியில் ஏறினேன். வண்டிக்குள் கால்மிதியிலும் தார்.

நாலு சக்கரத்திலும் கறுப்புக் கறுப்பாகத் திட்டு. மறுநாள் சனிக்கிழமை. மச்சினன் ஞாயிறு காலை வருகிறான். தேங்காய் எண்ணெய் தடவிக் கொஞ்ச நேரம் விட்டால் தார் தானே இளகும் என்றாள் மனைவி. நான் சிரித்தேன். இருபத்திரண்டு வருஷம் தொழிற்சாலையில் இரும்போடு குடித்தனம் நடத்துகிறவனிடம் தலைக்குத் தடவுகிற எண்ணெயைக் காட்டுகிறாள். எங்கள் ஷெட்டில் ஆயுத பூஜைக்கு முதல் நாள் ஆளாளுக்கு அவரவர் மெஷினைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து வெள்ளை வெளேரென்று ஆக்குவோம். என் மெஷின்தான் முகம் பார்க்கிற மாதிரி இருக்கும். சந்தனப் பொட்டு முதலில் அதற்குத்தான் வைப்பார்கள்.

அந்தக் கொழுப்பில் முதல் சக்கரத்தில் கை வைத்தேன். தார் போனது. அடியிலிருந்து பளீரென்று ஒரு வெள்ளை கிளம்பியது. பூரித்துப்போய் மனைவியைக் கூப்பிட்டு, பார், வெள்ளித்தட்டு மாதிரி இருக்கிறது என்றேன். அவள் அந்தச் சக்கரத்தைப் பார்த்தாள், தேய்க்காத பக்கத்துச் சக்கரத்தைப் பார்த்தாள். "மத்தது சாம்பல் கலர்ல இல்ல இருக்கு?" என்றாள்.

பூந்தமல்லியில் வாட்டர் வாஷ் வைத்திருக்கிற ஒரு பாய் இருக்கிறார். அவரிடம் வண்டியைக் கொண்டு போனோம். குனிந்து விரலால் தடவிப் பார்த்தார். அலாய் மேலே சாயம், சாயத்துக்கு மேலே கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு. நான் இரண்டையும் உரித்து வெறும் அலுமினியத்தை எடுத்துவிட்டிருக்கிறேன். திரும்பப் பூச ஒரு வாரம் ஆகும் என்றார். நான் மேஸ்திரி கதையை ஆரம்பித்தேன். குடை வரைக்கும் வந்திருப்பேன்.

"தாரு அவுங்க போட்டது அண்ணாத்தே. இது நீங்க போட்டது."

மற்ற மூன்றுக்கும் என்ன செய்வது என்று கேட்டேன். சக்கரம் ஆறட்டும், நிழலில் நிறுத்துங்கள், முதலில் சோப்புத் தண்ணீரில் மண்ணைக் கழுவுங்கள், மண்ணோடு துடைத்தால் அதுவே உப்புத்தாள் என்றார். பிறகு துணியில் எண்ணெயை நனைத்துத் தார் மேல் ஒற்றிக் கால் மணி நேரம் விட வேண்டும். பிரேக் தட்டில் ஒரு சொட்டுகூடப் படக் கூடாது. இளகியதும் மெத்தென்ற துணியால் வழிக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. கடைசியில் எண்ணெய்ப் பிசுக்குப் போக இன்னொரு தடவை சோப்பு. என்ன எண்ணெய் என்று கேட்டேன். தார் எடுக்கிற மருந்து கடையில் இருக்கிறது, அவசரத்துக்குத் தேங்காய் எண்ணெயே போதும் என்றார். காருக்குள் இருந்த மனைவி ஜன்னல் வழியாக எதிரே இருந்த பிரியாணிக் கடைப் பலகையை ரொம்ப அக்கறையாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் மூன்று சக்கரத்தையும் அவள்தான் துடைத்தாள். நான் பக்கெட் பிடித்தேன். பழைய பனியன் துணியில் தார் கறுப்பு வெண்ணெயாக வழிந்து வந்தது. ஒரு கீறல் இல்லை. எனக்கு மறுபடி கோபம் வந்தது. இந்தத் தடவை யார் மேல் என்று தெரியவில்லை, பக்கெட்டை எட்டி உதைத்தேன். கால் கட்டைவிரல் வீங்கியது.

வெளுத்த சக்கரம் சுவரோரம் மறைகிற மாதிரி காரை நிறுத்தினேன். மனைவி வந்து பார்த்துவிட்டு என் கையிலிருந்த சாவியை வாங்கினாள். வண்டியை வெளியே எடுத்து, திருப்பி, வெள்ளைச் சக்கரம் தெருவைப் பார்க்க நிறுத்தினாள். ஒரே தடவையில்.

"பொறுப்புன்னு சொன்னது நான். அவன் முதல்ல இதைத்தான் பாக்கணும்."

ஞாயிறு காலை மச்சினன் வந்தான். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே பார்த்துவிட்டான். குந்தி உட்கார்ந்து கட்டைவிரலால் தடவினான். நான் மேஸ்திரி, குடை, டீ கிளாஸ், ஷேர் ஆட்டோ எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். கடைசியில் கம்பி பிரஷ்ஷையும் சொன்னேன். பூசுகிற செலவு என்னுடையது என்றேன். அவன் எழுந்து மற்ற மூன்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு, இது யார் துடைத்தது என்று கேட்டான். அக்கா என்றேன்.

நிலைமையைச் சிரிப்பில் கரைத்துவிடலாம் என்று ஒரு நப்பாசை. அடுத்த மாசம் ஒரு வளைகாப்பு இருக்கு மாப்ள, வண்டி உண்டா இல்லையா என்றேன்.

"அக்கா ஓட்டுனா உண்டு, மாமா."