பூக்குழியில் போட்ட பெட்டிகள்

எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் ஒரு வழக்கம் இருந்தது. தீமிதியன்று பூக்குழி கனன்றுகொண்டிருக்கும்போது, கோயில் தலைவரான பெரிய கங்காணி எங்களைப் பார்த்து, "கொற ஏதும் இருந்தா சொல்லுங்க" என்பார். "ஒரு கொறையும் இல்லீங்க" என்போம். கேட்பது அவர் பெருந்தன்மை. சொன்னால் சாமி குத்தம்.

எல்லாம் வெறும் முகஸ்துதி என்று சொல்ல மாட்டேன். தகரக் கொட்டகையாகக் கிடந்த கோயிலுக்குச் சுவர் எழுப்பியவர் அவர்தான். ஆனால் எங்களுக்கு வேலை கொடுப்பதும் நிறுத்துவதும் அவர் கையில் இருந்தது. எங்கள் கும்பிடில் பக்தி எவ்வளவு, பயம் எவ்வளவு என்று எங்களுக்கே தெரியாது.

அந்த வருஷம் விடாத மழை. விறகு நனைந்து புகைந்தது. கங்காணி தேயிலை ஸ்டோரிலிருந்து உடைந்த பெட்டிகளைக் கொண்டுவரச் சொல்லிக் குழியில் போட்டார். தீ மளமளவென்று பிடித்தது. "அய்யா யோசனையே யோசனை!" என்றார்கள். ஸ்டோரில் அந்தப் பெட்டிகளுக்கு ஆணி அடிப்பவன் நான். பலகை எரியும், ஆணி எரியுமா?

மகளுக்கு வார்த்திருந்த அம்மை இறங்கியதால், நேர்ந்துகொண்டபடி மஞ்சள் சேலையோடு வரிசையில் நின்றாள் என் அக்கா.

கங்காணி வழக்கம்போலக் குறை கேட்டார். நான் எழுந்தேன். "ஏற்பாடெல்லாம் ரொம்ப நல்லாருக்குங்க…" என்றேன். அவர் சிரித்தார். அடுத்து "ஆனா" என்று தொடங்க வேண்டும். உட்கார்ந்துவிட்டேன். அக்காவிடமாவது சொல்லியிருக்கலாம். அவள் நேரே போய்க் கேட்டுவிடுவாள் என்று அதற்கும் பயந்தேன், கோழைப்பயல்.

அக்கா நடுக்குழியில் தடுமாறினாள். விழவில்லை. கரையேறியதும் மயங்கினாள். காலிலிருந்து ஆணியைப் பிடுங்கியவன் நான்தான். யாரும் பார்க்குமுன் மடியில் சொருகிக்கொண்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை கோயில் கூட்டத்தில், "வெரதத்துல ஏதோ கொற இருந்திருக்கு" என்றார் கங்காணி. யாரிடமும் நறுக்கென்று பேசுகிற அக்கா தலைகுனிந்தாள். "ஆமாங்க, என் தப்புதான். அடுத்த வருசமும் மிதிக்கிறேங்க" என்று அழுதாள்.

எங்கள் லயத்து வீட்டுக்குத் திரும்பும் வழியில் தாங்க முடியாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். திட்டுவாள், அடிப்பாள் என்று காத்திருந்தேன். அவள் நொண்டிக்கொண்டே கொஞ்ச தூரம் நடந்தாள். பிறகு நின்றாள்.

"நான் எறங்குறதுக்கு முன்னாடியே தெரியுமா தம்பி ஒனக்கு?"