ஒரு கிணறு, ரெண்டு மோட்டார்

கரண்டு எப்போது வரும் என்று தெரியாத எழுபதுகள். எம்.ரெட்டியபட்டிப் பக்கம் எங்களுடையது பங்குக் கிணறு. எனக்கொரு மோட்டார், சித்தப்பா மகன் சீனிக்கொரு மோட்டார். கரண்டு வந்ததும் தானாக ஓட இருவருமே ஆட்டோ சுவிட்சு மாட்டியிருந்தோம். இரண்டும் ஒன்றாகக் கிளம்பும், பியூஸ் போகும். கிணற்றடிக்கு ஓடிவந்து ஒருவரையொருவர் வைவோம்.

சலித்துப்போய், ஒருநாள் அவன், மறுநாள் நான் என்று முறை வைத்தோம். முறையில்லாதவன் ஆட்டோவை அணைத்துவிட வேண்டும். அதன்பின் பியூஸ் போகவில்லை. கிணற்றடியில் ஆளையும் காணோம். மனைவி தவறிப்போனபின் எனக்கு வீட்டிலும் பேச ஆளில்லை. பருத்தி வெடித்த பிறகுதான், யாரிடமும் பேசி வெகுநாளாயிற்று என்பதே உறைத்தது.

ஒருநாள் என் முறை. கரண்டு வந்தும் வாய்க்காலில் தண்ணீர் இல்லை. போய்ப் பார்த்தால் பியூஸ் கருகியிருந்தது. மோட்டார் ரூம் வாசலில் சீனி தனியாக உட்கார்ந்திருந்தான்.

"ஏலே, இன்னைக்கு என் முறைல்ல?" என்று கத்தினேன்.

"தெரியும்ணே. மகனும் மெட்ராஸுக்குப் போயிட்டான். வையவாச்சும் நீங்க வருவீகன்னுதான் என் ஆட்டோவயும் போட்டுவிட்டேன்."

அவன் பக்கத்தில் உட்கார்ந்து பியூஸ் கம்பியைச் சுற்றினேன். பொழுது சாயும்வரை சுற்றினேன்.

மறுநாள் அவன் முறை. என் ஆட்டோவை நான் அணைக்கவில்லை.