பூட்டிய அரண்மனையும் சுடச்சுட இறைச்சிக் கறியும்

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். இன்றைக்கு லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் எனக்கு இரண்டு கடைகள். அந்தத் தெம்பில்தான் பஸ் பிடித்து, எங்கள் சனத்தை அங்கிருந்து ஸ்கொட்லாந்தின் பேர்த் நகருக்குக் கூட்டிப்போனேன். அரசர்கள் முடிசூடிய அரண்மனையை நானே கூட நின்று காட்டவேண்டும் என்று ஆசை.

சமைக்க வந்தவரும் லண்டனில் கோலியர்ஸ் வுட் பக்கத்துக்காரர். வழுக்கைத் தலை, தோளில் எந்நேரமும் ஒரு துவாய். எல்லாரும் சாப்பிட்டு முடியும்வரை தான் ஒரு வாய் வைக்கமாட்டார். பேர்த்தில் இறங்கியதும் ஆற்றங்கரையில் காஸ் அடுப்பை வைத்துக் கறியைச் சூடாக்கத் தொடங்கிவிட்டார்.

“தம்பி, அரண்மனையைப் பூட்டப்போறாங்கள். பார்த்திட்டு வந்து சாப்பிடுவம்” என்றேன்.

“பசிச்ச சனத்துக்கு அரண்மனையைக் காட்டி என்ன அண்ணை செய்யிறது? இருங்கோ, உங்களுக்கும் போடுறன்.”

நான் கத்திப் பார்த்தேன். ஒருவரும் எழும்பவில்லை; இடியப்பத்துக்கு இன்னும் கொஞ்சம் கறி கேட்டார்கள். நாங்கள் போய்ச் சேர, அரண்மனை பூட்டியிருந்தது. கேற்றடியில் நின்று சிரித்துப் படம் எடுத்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இப்போது கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும், “அடுத்த பயணத்துக்கும் அந்தச் சமையல்காரர் வருவார்தானே?” என்கிறார்கள். எங்கே போகிறோம் என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்கவில்லை.